யாரைக் காக்க இந்த இரகசியம்?

2003ம் ஆண்டு சனவரி 31. ஈராக் மீது போர் தொடுக்க, ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதலை அமெரிக்க ஐக்கிய நாடும் பிரிட்டனும் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அன்று அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து பிரிட்டனின் உளவு நிறுவனம் ஒன்றுக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. அங்கோலா, காமரூன், சிலே, பல்கேரியா, கினி, பாகிஸ்தான் ஆகியவை அப்போது பாதுகாப்பு அவையில் உறுப்பினர்களாக இருந்தன. இந்த நாடுகளின் பிரதிநிதிகள் வீட்டிலும் அலுவலகத்திலும் பேசுவதை ஒட்டுக்கேட்க உதவுங்கள் என்பதே அதன் சாரம்.

அதைப் படித்தவர்களில் ஒருவர் கேத்தரின் கன். 28 வயதான அவர், அந்த நிறுவனத்தில் சீன மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். வாக்குகளைத் தம் பக்கம் திருப்பி ஒரு போரைத் தொடங்கவே இந்த ஒட்டுக்கேட்பு என்று அவர் மனம் கலங்கினார். மின்னஞ்சலின் ஒரு பிரதியைத் தெரிந்தவர் வழியாக வெளியே அனுப்பினார். மார்ச் 2ம் தேதி 'அப்சர்வர்' ஞாயிறு இதழ் அதை வெளியிட்டது. மூன்று நாள் கழித்து, போரைத் தவிர்க்குமாறு கேட்க, திருத்தந்தை 2ம் ஜான் பால் அனுப்பிய கர்தினால் பியோ லாகி, அமெரிக்க அரசுத் தலைவர் புஷ்ஷைச் சந்தித்தார். பாதுகாப்பு அவையில் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆயினும் மார்ச் 20ம் தேதி போர் தொடங்கியது.

அலுவலகத்தில் விசாரணை நடந்தபோது, கேத்தரின் தாமாகவே முன்வந்து உண்மையைச் சொன்னார். வேலையை இழந்தார். அதே ஆண்டு நவம்பரில் 1989ம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் அவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது.

அன்பு வாசகர்களே, அந்தச் சட்டம் பிறந்த கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது. 1982ம் ஆண்டு ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் 'பெல்கிரானோ' கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் இறந்தனர். அது குறித்த ஆவணங்களைப் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பாண்டிங், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பினார். 1985ல் அவரை நடுவர்கள் விடுதலை செய்தனர். நான்கு ஆண்டுகளில் புதிய சட்டம் வந்தது. மக்கள் நலனுக்காகவே வெளியிட்டேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் வாதிடும் வாய்ப்பு அதில் இல்லாமற்போனது.

அதாவது, 'வெளியிட்டாயா?' என்று நீதிமன்றம் கேட்கலாம். 'ஏன் வெளியிட்டாய்?' என்று கேட்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் அநீதி இங்கேதான் இருக்கிறது.

எனவே, உயிர்களைக் காக்கும் அவசியத்தால் செய்தேன் என்பதே கேத்தரினின் வாதமாக இருந்தது. போர் சட்டப்படி சரியானதா என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் பிரதமருக்கு அளித்த ஆலோசனையை நீதிமன்றத்தில் தாருங்கள் என அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டனர். 2004ம் ஆண்டு பிப்ரவரி 25ம் தேதி விசாரணை தொடங்கியது. தங்களிடம் முன்வைக்கச் சான்று ஏதும் இல்லை என்றது அரசுத் தரப்பு. தாமே குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு எதிராகச் சான்று இல்லையாம்! அரை மணி நேரத்துக்குள் வழக்கு முடிந்தது.

அந்த ஆலோசனை 2005ல் வெளியானது. பாதுகாப்பு அவையின் மற்றொரு தீர்மானத்தைப் பெறுவதே பாதுகாப்பான வழி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அமைதி வழிகள் அனைத்தும் முயன்று பார்க்கப்படவில்லை என்று 2016ல் சில்காட் விசாரணைக் குழுவும் கூறியது. 2009க்குள் குறைந்தது ஒன்றரை இலட்சம் ஈராக்கியர் இறந்துவிட்டனர் என்றும் அக்குழு குறிப்பிட்டது. இறந்தவர்களுக்கு இந்த உண்மையால் இனி என்ன பயன்?

இரகசியமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. படைகளின் நடமாட்டம், சாட்சிகளின் பெயர்கள் போன்றவை காக்கப்பட வேண்டியவை. இரகசியத்தின் மதிப்பைத் திருச்சபையும் நன்கு அறியும். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் எக்காரணத்தாலும் மீறப்படக் கூடாதது. ஆனால், அரசியல் பொறுப்பில் இருப்போர், படைவீரர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரின் பணி இரகசியத்தைத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2491) வேறாகவே பார்க்கிறது. அதுவும் காக்கப்பட வேண்டும். எனினும், அதைக் காப்பதால் ஒருவருக்கு மிகப் பெரும் தீங்கு நேரும், வெளியிடுவதால் மட்டுமே அதைத் தடுக்க முடியும் என்ற நிலையில் விதிவிலக்கு உண்டு என்கிறது. 'ஏன்?' என்ற கேள்விக்கு இங்கே இடம் இருப்பதைக் கவனியுங்கள்.

பிரிட்டன் நமக்கு விட்டுச்சென்றதும் இப்படியொரு சட்டம்தான். 1923ம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 2005ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதில் ஒரு சன்னலைத் திறந்தது. தீங்கைவிடப் பொதுநலன் பெரிது எனில், அலுவல் இரகசியத்தையும் வெளியிடலாம் என்கிறது அதன் 8(2) பிரிவு. 2019ல் ரஃபேல் விமானக் கொள்முதல் ஆவணங்களைச் சென்னையின் 'தி இந்து' நாளிதழ் வெளியிட்டபோது, அவற்றை ஏற்கக் கூடாது என்று மத்திய அரசு வாதிட்டது. ஏப்ரல் 10ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபணையைத் தள்ளியது. நவம்பரில் வந்த தீர்ப்பு அரசுக்குச் சாதகமாகவே அமைந்தது. ஆவணங்களைப் பார்த்த பிறகே அந்த முடிவு வந்தது. வெளிச்சத்தால் நாடு அழிந்துவிடவில்லை.

முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014ல் நமது நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படாதது வருத்தத்துக்குரியது. காகிதத்தில் உள்ள குடை மழைக்கு உதவுமா?

எல்லாரும் கேத்தரின் கன் ஆக வேண்டியதில்லை. பத்து ரூபாய்க் கட்டணத்தில், நம் ஊர்ச் சாலைக்கோ நியாயவிலைக் கடைக்கோ ஒதுக்கிய பணம் என்னவானது என்று கேட்டு மனு எழுதலாம். முப்பது நாளில் பதில் தருவது அதிகாரியின் கடமை. நம்மிடையே உண்மை பேசியதால் பணிமாற்றமோ வழக்கோ சந்திப்பவர் இருந்தால், 'உனக்கேன் இந்த வம்பு?' என்று கேட்காமல் அவர் பக்கத்தில் நிற்போம். 'இது இரகசியம்' என்று ஆள்வோர் சொல்லும்போதெல்லாம், அது மக்களைக் காக்கவா, தங்களைக் காக்கவா என்று தயங்காமல் கேட்போம்.