எது உலகம்?

கிறிஸ்தவர்கள் மத்தியில் புழங்குகிற சொற்களில் 'உலகம்' என்ற சொல்லைத்தான் நான் அதிகமாகச் சந்தேகிக்கிறேன். நீங்களும் நானும் குடியிருக்கிற இந்த மண்ணையும் மரத்தையும் மனிதரையும் குறிக்கிற சொல்லாக அவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. பிரசங்க மேடையில் அது ஒரு குற்றச்சாட்டு. "அவன் உலகப்பிரகாரமானவன்" என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால், அவன் திருடாதவனாக இருக்கலாம், பொய் பேசாதவனாக இருக்கலாம், ஆனாலும் எங்கோ கறைபட்டவன் என்று அர்த்தம். "அந்தப் பெண் இன்னும் உலகத்தில்தான் இருக்கிறாள்" என்றால், அவள் காதில் இன்னும் தோடு இருக்கிறது என்று அர்த்தம்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில், மாடி அறைகளிலும் தகரக் கொட்டகைகளிலும் ஞாயிறுதோறும் கூடுகிற சிறு சபைகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றின் பிரசங்கங்களை நான் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். உலகம் என்பது என்ன என்று அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது: தோடு, வளையல், பூ, பொட்டு, சினிமா, தொலைக்காட்சி, இப்போது செல்போன். பட்டியலைப் படித்துப் பாருங்கள். அதில் முக்கால்வாசி பெண்ணின் உடம்பிலேயே முடிந்துவிடுகிறது. ஆண்பிள்ளையின் உலகம் எங்கே என்று தேடினால், அகப்படுவது சினிமாக் கொட்டகையும் சாராயக் கடையும்தான்.

எல்லாச் சபைகளும் இப்படி என்று சொன்னால் அது பொய். கத்தோலிக்கர்கள் நகையைத் தடுப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபையாரும் தடுப்பதில்லை. நகையை விலக்குகிற சபைகளிலும் அந்த விதி பிறந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. கழுத்து நிறையப் போட்டவளும் கயிறு மட்டும் கட்டியவளும் ஒரே பாயில் உட்காரும்போது, போட்டவளின் தங்கம் மற்றவளைக் குத்தும். குத்தாமலிருக்கக் கழற்றிவை என்று சொன்னவர்களை நான் மதிக்கிறேன். என் சண்டை அதற்குப் பிறகு நடந்ததோடுதான். கழுத்துக்கு விலக்கான தங்கம் கல்யாணப் பேச்சில் காராகவும் மனையாகவும் உருமாறி வருகிறது. வரதட்சிணையைச் சட்டம் 1961-லேயே குற்றமாக்கிவிட்டது. சபையோ அதைப் 'பெண் வீட்டாரின் பிரியம்' என்று ஆசீர்வதித்துக்கொண்டிருக்கிறது. தோடு உலகம்; கார் ஆசீர்வாதம்! இந்தக் கணக்கை எந்த வேதத்தில் படித்தார்கள்?

அவர்களுடைய வேதத்தில் அப்படி இல்லை. யோவானின் முதல் கடிதத்தில், உலகத்தைச் சேர்ந்தவை எவை என்று மூன்று காரியங்கள் சொல்லப்படுகின்றன. உடம்பின் ஆசை ஒன்று. கண்ணின் ஆசை ஒன்று. வாழ்வினால் வருகிற செருக்கு ஒன்று. முதல் இரண்டையும் பிரசங்கிகள் தெருத்தெருவாக விரட்டுகிறார்கள். மூன்றாவதைத் தொடுவதில்லை. ஏன் என்றால், அது சபையின் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. காணிக்கைப் பையில் பெரிய நோட்டைப் போடுகிறது. கமிட்டித் தேர்தலில் நிற்கிறது.

அந்தச் செருக்குக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயர் உண்டு. சாதி.

இது இன்று நேற்றுப் புகுந்ததல்ல. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் ஒரு சுற்றறிக்கை விட்டார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்றார். என்ன நடந்தது? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். சரபோஜி மன்னரின் அவைப் புலவரும் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெரும் பாடகருமான வேதநாயக சாஸ்திரியாரே சாதிக்காகப் பேனா பிடித்தார். உலகத்தைத் துறந்த பக்தர்கள் துறக்க முடியாத உலகம் எது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தெற்கே வடக்கன்குளத்துக்குப் போவோம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டினார்கள். கால்சட்டையைப் போல் இரண்டு பிரிவு. இரண்டும் போய்ச் சேருகிற இடத்தில் ஒரே பலிபீடம். ஒரு சாதி ஒரு காலில், மறு சாதி மறு காலில், நடுவே சுவர். கடவுள் இருவருக்கும் பொதுவாம். பக்கத்தில் நிற்பவன் மட்டும் பொது இல்லையாம்! கௌசானல் அடிகளார் 1910-இல் அந்தச் சுவரை இடித்தார். உடனே மனம் திருந்தினார்களா? வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், கோயிலுக்குள் தனியிடம் எங்கள் சாதியின் உரிமை என்று வாதாடினார்கள். கிறிஸ்தவக் கோயிலில் அப்படி ஓர் உரிமை கிடையாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பிரசங்கி சொல்ல வேண்டியதை, உலகத்தின் நீதிபதி சொன்னார்.

திருச்சி மேலப்புதூரில் சுவர் இன்னும் ஒரு படி போயிற்று. கல்லறைத் தோட்டத்திலேயே எழும்பியது. உலகத்தை விட்டே போய்விட்டவர்களுக்கு நடுவில் உலகத்தின் சுவர்! அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கல்லறையும் சவம் போகிற பாதையும் தகராறாகி, 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் சுட்டு இரண்டு உயிர்கள் போயின. அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று கொள்கை அறிக்கையில் எழுதிவைத்தது. ஒப்புக்கொண்டதற்காக அவர்களை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிற்றே!

இதற்கிடையில் தலித் கிறிஸ்தவனின் கதியைப் பாருங்கள். 1950-இல் குடியரசுத் தலைவரின் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. நீ கிறிஸ்தவன், ஆகையால் உனக்குச் சாதி இல்லை என்கிறது சர்க்கார். நீ கிறிஸ்தவன்தான், ஆனாலும் உன் சாதி எனக்குத் தெரியும் என்கிறது சபை. அவன் இரண்டு வாசலிலும் நிற்கிறான்.

"இதெல்லாம் அந்தப் பழைய சபைகளின் கதை, எங்கள் ஆவிக்குரிய சபையில் சுவர் கிடையாது" என்று ஒரு போதகர் என்னிடம் சொன்னார். மெய்தான், சுவர் கிடையாது; பாய்தான் விரித்திருந்தது. ஆனால் அவர்களுடைய மணமகள் தேவை விளம்பரங்களை அவர் படிப்பதில்லை போலும். நான் படிக்கிறேன்; நாவல் எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல படிப்பு இல்லை. 'மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற பெண் தேவை' என்று ஆரம்பிக்கும். அதே வரியில் சாதியின் பெயரும் இருக்கும், உட்பிரிவோடு. மறுபடியும் பிறக்கிறவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக அதே சாதியில் போய்ப் பிறக்கிறார்கள்!

"நீர் யார் ஐயா எங்களைக் கேட்க? நீர் எங்கள் சபையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். தெருவில் ஒலிபெருக்கி வைத்து என்னை உலகத்தான் என்று அழைக்கிறவருக்கு, அந்த உலகத்திலிருந்து பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. உலகத்தான் என்ற அந்த முகவரியிலிருந்தே ஓர் ஊரைக் காட்டுகிறேன்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் திருமழிசைக்கு அடுத்து வருகிறது குத்தம்பாக்கம். அது கிறிஸ்தவ ஊர் அல்ல. ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்கும் சாதிச் சண்டைக்கும் பெயர் போன ஊர். தலித் குடும்பத்தில் பிறந்து, இரசாயனப் பொறியியல் படித்து, உத்தியோகத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்த இளங்கோ என்பவர் 1996 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தார். சமத்துவபுரம் கட்டுகிற திட்டம் அந்த ஊருக்கு வந்தபோது, நூறு குடும்பங்களுக்கும் தனித்தனி வீடு கட்டாமல் இரட்டை இரட்டையாகக் கட்டினார்கள். ஒரு பாதியில் தலித் குடும்பம். மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். நடுவில் இருவருக்கும் பொதுவான ஒரே சுவர். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கல்; உள்ளூர் ஜனங்களின் கை.

வடக்கன்குளத்துச் சுவரையும் இந்தச் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பரிசுத்த ஸ்தலத்தில் நின்று மனிதனைப் பிரித்தது. மற்றது அரசுப் பணத்தில் எழும்பி, இந்த வீட்டுக் குழந்தையின் அழுகை அந்த வீட்டுக்குக் கேட்கும்படி செய்தது. இவற்றில் எது உலகம்? எது பரலோகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது? அந்தப் பொதுச் சுவரால் சாதி செத்துவிட்டது என்று நம்புகிற அளவுக்கு நான் அப்பாவி அல்ல. ஆனால் சாவதற்கு அதற்கு ஒரு வாய்ப்பாவது தந்தார்கள்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. இளங்கோ தம் கிராம வேலைக்குக் காந்தியோடு சேர்த்துத் துணைக்கு அழைத்த பெயர் ஜே.சி. குமரப்பா. இந்தக் குமரப்பா யார்? 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். லண்டனில் படித்துவிட்டுப் பம்பாயில் கணக்குத் தணிக்கை செய்துகொண்டிருந்தவர். காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுக் கதர் உடுத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கையால் செய்த காகிதம் என்று அலைந்தார். சிறைக்குப் போனார். இயேசுவின் போதனையையும் அதை நடத்திக் காட்டுவதையும் பற்றி அவர் சிறையில் எழுதிய புத்தகம் 1945-இல் வெளிவந்தது. 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி இறந்த அதே நாளில், சென்னையில் இறந்தார்.

பட்டியல்காரர்களின் அளவுகோலை வைத்தால் குமரப்பா முழு உலகத்தான். நெல்லும் எண்ணெயும் சாணமும்தான் அவருடைய பேச்சு. அவர் துறந்தது உலகத்தில் தமக்குக் கிடைத்திருந்த உயரத்தை. மனிதர் உண்பதையும் உழைப்பதையும் அவர் துறக்கவில்லை, அதற்குள் இறங்கினார். இயேசுவையே அவர் காலத்துப் பக்திமான்கள் போஜனப்பிரியன், குடிகாரன், வரி வசூலிப்பவனின் சிநேகிதன் என்று ஏசினார்கள். அந்த ஏச்சுக்கெல்லாம் காரணம் அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான். பந்தியில் யார் பக்கத்தில் யார் என்ற கேள்வியில் அவர் உலகத்தை மறுத்தார். நம் சபைகள் அந்த ஒரு கேள்வியில் மட்டும் உலகத்துக்குக் கீழ்ப்படிகின்றன.

ஆகையால், போதகர்களே, உலகத்தைக் கண்டிப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கண்டியுங்கள், ஆனால் சரியான இடத்தில் கண்டியுங்கள். திருவிருந்துக்கு வருகிறவளின் காதைப் பார்ப்பதற்கு முன்னால், கல்யாண ஓலை வாசிக்க வருகிற தகப்பனைப் பாருங்கள். எவ்வளவு கேட்டாய் என்று அவனிடம் கேளுங்கள். உன் மகள் இந்தச் சபையிலேயே வேறு தெருப் பையனை விரும்பினால் ஓலை வாசிக்கச் சம்மதிப்பாயா என்று கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் உனக்குக் குறித்துவைத்த இடத்துக்குப் பக்கத்தில் யார் படுத்தால் உனக்குத் தூக்கம் கெடும் என்று கேளுங்கள்.

இந்த மூன்றையும் பிரசங்க பீடத்திலிருந்து, முன் வரிசையைப் பார்த்து, பெயர் சொல்லாமலாவது கேட்கிற போதகர் எவரோ, அவர் உலகத்தை விட்டு வந்தவர் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்டதற்காக அவருக்கு மறு வருஷமே இடமாற்றம் வரலாம், காணிக்கை குறையலாம். உலகத்தை வெறுப்பதற்கு அதுதான் விலை. ஒரு ஜோடித் தோட்டைக் கழற்ற வைத்து அந்தக் கடனைத் தீர்த்துவிட முடியாது.