பூனைக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்களேன்

புனேயில் தரைத்தள வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே புகார்தான். வெந்தயக்கீரை விதைக்கலாமே என்று பாத்தியைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி வைத்தால், மறுநாள் காலை பூனையார் வந்து 'போய்விட்டு', மண்ணை அழகாகத் தள்ளி மூடிவிட்டும் போயிருப்பார். கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வருகிறது. ஆனால் எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் சொன்ன வைத்தியங்கள் இருக்கிறதே... பாச்சை உருண்டை போடலாமாம், பினாயில் ஊற்றலாமாம், மிளகாய்ப்பொடி தூவலாமாம், சாக்கில் கட்டி ஹைவே பக்கம் விட்டுவிடலாமாம்!

நாலுக்கும் நான் எதிர்க்கட்சி.

பாச்சை உருண்டை பூனைக்கு மட்டும் விஷமில்லை, மிட்டாய் என்று வாயில் போடும் குழந்தைக்கும்தான். பினாயில் வகையறாவைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு ரொம்பக் குறைவு. காலில் பட்டதை நக்கியே விஷமேறும். மிளகாய்ப்பொடி பாதத்திலிருந்து நேராகக் கண்ணுக்குப் போகும். தெரிந்தே மிருகத்துக்குக் கேடான பொருளைக் கொடுப்பது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சாக்கு வைத்தியமும் வேலைக்காகாது. ஒன்றைக் கொண்டுபோய் விட்டால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். பிடிபட்டது தாய்ப்பூனையாக இருந்தால் எங்கேயோ நாலு குட்டி பட்டினி கிடக்கும்.

பூனை இடத்திலிருந்து யோசித்தால் விஷயம் சுலபம். அதற்கு வேண்டியது உலர்ந்த, தோண்ட வசதியான மண்; திரும்பி உட்கார இடம். இந்த இரண்டையும் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். விதைத்த உடனே கோழி வலையைப் பாத்தி மேல் பரப்பி, மெல்லிசாக மண் தூவிவிடுங்கள். ஓரத்துக் கம்பி முனைகளை மறக்காமல் உள்ளே மடக்குங்கள். நாற்று ஓட்டை வழியே வரும், நகம் இறங்காது. வலை இல்லையா? விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை நாலு விரல் இடைவெளியில் நட்டு வைத்தாலும் போதும். தினம் தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்பதும் உதவும். ஆரஞ்சுத் தோல் போடச் சொல்வார்கள். வாசனை இருக்கிற வரைக்கும்தான் அதற்கு மரியாதை!

ஆனால் தடுப்பதோடு நிறுத்தினால் பூனை பக்கத்து வீட்டுப் பாத்திக்குப் போகும். (பிறகு பக்கத்து வீட்டு ஆன்ட்டி நம் வீட்டுக்கு வருவார்.) அதனால் ஒதுக்குப்புறமாக, மழை படாத இடத்தில் ஒரு பெரிய தட்டில் மணல் கொட்டி வையுங்கள். அதன் கழிவிலேயே கொஞ்சம் எடுத்து அதில் போட்டால் புரிந்துகொள்ளும்.

தினமும் அள்ள வேண்டும், அதுவும் கையுறையோடு. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றன்றைக்கே அள்ளினால் பயம் குறைவு. மண்ணில் விட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கர்ப்பிணிகள் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். கீரையை நன்றாக அலசுங்கள். எங்கள் வீட்டில் அள்ளுவது யார் என்று கேட்காதீர்கள், தங்கமணி சிரிப்பார் :-)

நிரந்தர வழி கருத்தடை ஆபரேஷன்தான். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகிவிடும், இரண்டே மாதத்தில் குட்டி போடும். கடுவனுக்குச் செய்தால் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுவதும் பெரும்பாலும் அடங்கும். கணபதி பந்தலுக்கு வீடு வீடாக வசூலிக்கிறோமே, அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.