சுவர் பிளந்த பிறகு ஆதாரம் கேட்பதா?

டமார்!

கல்குவாரியில் வெடி வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் அலமாரிப் பாத்திரம் குலுங்குகிறது. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. சுவரில் மயிரிழை போல ஒரு கோடு. நாளாக ஆக அந்தக் கோட்டுக்குள் ஒரு ரூபாய்க் காசு நுழைகிறது.

வீட்டுக்காரர் மனுவை எழுதிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு ஓடுகிறார். அங்கே என்ன கேட்கிறார்கள்?

"வெடியாலதான் விரிசல் வந்துச்சுன்னு என்னய்யா ஆதாரம்?"

பாவம், அவர் என்ன ஆதாரம் காட்டுவார்? வீடு கட்டியதே கடனில். சுவரை மாதாமாதம் படம் பிடித்தா வைத்திருப்பார்?

சட்டம் இருக்கிறது

கல்குவாரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜல்லி இல்லாமல் வீடு ஏது, ரோடு ஏது, பாலம் ஏது? எம்-சாண்டும் கருங்கல்லை அரைத்துத்தான் வருகிறது. குவாரியை நம்பிப் பிழைக்கும் தொழிலாளிகளும் உண்டு.

ஆனால் எங்கே உடைப்பது என்பதற்கு வரைமுறை வேண்டாமா?

வரைமுறை இருக்கிறது. 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 36-வது விதி தெளிவாகச் சொல்கிறது: குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை கொடுக்கக்கூடாது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்புக்குப் பிறகு சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும்.

அப்புறம் எப்படி விரிசல் விடுகிறது?

காகிதத்தில் வீடு இல்லை!

இங்கேதான் சூட்சுமம். "குடியிருப்பு" என்றால் எது? வருவாய்த்துறைப் பதிவேட்டில் நத்தம், வீட்டுமனை என்று இருக்க வேண்டும். அல்லது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருக்க வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவர், வயல்காட்டில் ஓட்டு வீடு கட்டியவர், அங்கீகாரம் இல்லாத மனையில் குடியேறியவர் கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள். கிராம நிர்வாக அதிகாரி கொடுக்கும் 300 மீட்டர் சான்றிதழ் பதிவேட்டைப் பார்த்து எழுதப்பட்டால் முடிந்தது கதை! வீட்டில் அடுப்பு எரியும், குழந்தை தூங்கும். காகிதத்தில் மட்டும் அது வெறும் நிலம்!

வெடியின் அதிர்ச்சி பட்டா பார்த்தா வருகிறது?

அதிர்வுக்கும் அளவு உண்டு

வெடித்தால் தரை ஆடும். எவ்வளவு ஆடலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குனரகம் 1997-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடு என்றால் தரை ஆடும் வேகம் விநாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பழமையான சின்னங்களுக்கு 2 முதல் 10 மில்லிமீட்டர்தான். மெதுவாக ஆடும் அதிர்வுதான் கட்டிடத்துக்கு அதிக ஆபத்து. அதற்குத்தான் குறைந்த அளவு.

அடக்கி வெடிக்கவும் வழி இருக்கிறது. எல்லாக் குழியையும் ஒரே நேரத்தில் வெடிக்காமல், மில்லி விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வெடித்தால் அதிர்வு குறையும். மருந்தைக் கூட்டி ஒரேயடியாக வெடித்தால்தான் வினை. அளந்து பார்க்கக் கருவியும் இருக்கிறது. ஆனால் அளந்த கணக்கு ஊர்க்காரர் கண்ணில் படுகிறதா?

செய்ய வேண்டியது

"அஸ்திவாரம் சரியில்லை, களிமண் பூமி, அதான் விரிசல்" என்று குவாரி தரப்பில் சொல்வார்கள். சில வீட்டில் அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977-ல் சட்டம் போட்டார்கள். அதன் கீழ் உள்ள விதிப்படி, வெடி வைக்க 30 நாள் முன்பே அரை மைல் சுற்றளவில் உள்ள வீட்டுக்காரர்களுக்குத் தகவல் போக வேண்டும். யார் கேட்டாலும் அவர் வீட்டைச் சுரங்கக்காரர் சோதித்து, இருக்கிற நிலைமையை எழுதி, ஒரு நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். பிறகு விரிசல் வந்தால் பழசா புதுசா என்ற தகராறே இல்லை.

நம் ஊரிலும் இதைச் செய்ய என்ன தடை? குத்தகை கொடுக்கும் முன் வீடு வீடாகப் போய்ப் படம் எடுங்கள். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேருங்கள். வெடி நேரத்தையும் அதிர்வு அளவையும் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டுங்கள். குவாரிக்காரரிடம் முன்பணம் வாங்கி வையுங்கள். சேதம் நிரூபணமானால் அதிலிருந்து உடனே கொடுங்கள்.

மனை வாங்குவோர் கவனத்துக்கு

இன்னொன்றும் உண்டு. பல்லாவரம், திரிசூலம் பக்கம் மலையை உடைத்த இடங்களை ஒட்டி இன்று வீடுகள் நெருங்கிவிட்டன. ஊர் வளர வளர வீடு குவாரியைத் தேடிப் போகிறது. குவாரிக்கு 300 மீட்டருக்குள் புது மனைப்பிரிவுக்கோ கட்டிடத்துக்கோ ஒப்புதல் தருவதானால், கனிமவளத்துறை இயக்குனரின் முன் அனுமதி வேண்டும் என்று அதே 36-வது விதி சொல்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் "பக்கத்துல குவாரி இருக்கா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தவணையில் மனை வாங்கும் குமாஸ்தாவுக்கு இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அனுமதி கொடுக்கும் ஆபீசுக்கும் உண்டு.

விரிசல் விழுந்த வீட்டுக்காரரை ஆதாரம் தேடி அலையவிடுவது நியாயமில்லை. வெடி வைப்பவர்தான் கணக்கு காட்ட வேண்டும். அடுத்த குத்தகையில் கையெழுத்துப் போடும் முன், கலெக்டர்கள் அந்த 300 மீட்டரை ஒருமுறை நடந்து பார்ப்பார்களா?