உணர்ச்சியற்ற தேமலும் உப்பளத் தொழிலாளியும்

உப்பில்லாமல் எந்த வீட்டிலும் உலை இறங்குவதில்லை. ஆனால் அந்த உப்பை விளைவிக்கும் மக்களின் கால்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

மரக்காணம் உப்பளங்களில் பருவம் தொடங்கிப் பாத்தி மிதிக்க இறங்கும் கால்கள், ஐப்பசி மழை வந்து வேலை நிற்கும் வரை உப்புநீரிலேயே நிற்கின்றன. குதிகால் வெடிக்கிறது. விரலிடுக்கு வெந்து போகிறது. உப்புக்கல் கிழித்த இடம் ஆறுவதற்குள் மறுபடியும் கிழிகிறது. பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை கடலை நம்பி வாழும் மீனவ மக்களின் நிலையும் இதைவிட மேலல்ல. வலைக்கயிறு கையை அறுக்கிறது, மீன்முள் குத்துகிறது, கிளிஞ்சல் காலைக் கிழிக்கிறது. “உப்பிலே இறங்குகிறவனுக்குப் புண் என்ன புதுசா?” என்று இந்த மக்கள் சொல்லி நாம் கேட்டு வருகிறோம்.

இந்தச் சொல்லிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புண் சகஜமாகிவிட்ட இடத்தில், சகஜமல்லாத புண்ணும் கண்ணில் படுவதில்லை. நாம் மருத்துவர்கள் அல்ல. ஆனால் எந்தப் புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிரித்தறிய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. உழைக்கும் மக்கள் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

எதற்கு எப்போது போக வேண்டும்?

சாதாரணச் சிராய்ப்பு, சிறு வெடிப்பு ஆகியவற்றை நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சுத்தமான துணியால் மூடி வைத்தால் சில நாட்களில் ஆறத் தொடங்கும். அப்படி ஆறத் தொடங்காத புண்ணைக் காட்டியாக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கோ இந்தச் சில நாள் தவணையும் கிடையாது. காலில் எவ்வளவு சிறிய புண் என்றாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

புண்ணைச் சுற்றி வீக்கமும் சூடும் பரவினால், காய்ச்சல் வந்தால், துர்நாற்றம் வீசினால், தோல் கறுத்துச் செத்துப் போனால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. “சிவந்து போனால் போங்கள்” என்று புத்தகங்கள் சொல்லும். வெயிலில் கறுத்த நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். விரலால் அழுத்தி வீக்கம் பாருங்கள். துருப்பிடித்த ஆணியோ, மீன்முள்ளோ, மண்ணில் கிடந்த எதுவோ ஆழமாகக் குத்தினால் ரணஜன்னி ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்று அன்றே கேளுங்கள்.

உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாய் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி வளர்ந்தாலும், மச்சம் உருமாறினாலும், பழைய தழும்பின் மேல் ஆறாத புண் கிளம்பினாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். புற்றுநோய் சில சமயம் இப்படித் தலைகாட்டும்.

வட்டம் வட்டமாய் அரிக்கும் படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். காளானோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். தோலும் மெலிந்து போகும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. ஆனால் மருத்துவர் தூரத்திலும் மருந்துக்கடை பக்கத்திலும் இருக்கும் வரை அந்த விற்பனை நிற்குமா?

வலிக்காததே பெரும் பகை

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை வலிக்கும், அல்லது அரிக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியும். ஆகவே என்றாவது ஒருநாள் மனிதனை ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடும். ஆனால் வலிக்காமலும் அரிக்காமலும் வந்து, மெல்லக் கையையும் காலையும் பறித்துக்கொண்டு போகும் ஒன்று உண்டு. அதுதான் தொழுநோய்.

அது தோலின் இயல்பு நிறத்தைவிட வெளுத்த, அல்லது செம்பு நிறமான ஒரு தேமலாய்த் தொடங்கும். அந்த இடத்தில் தொடுவது தெரியாது, சூடு தெரியாது, வியர்வை குறையும், முடி உதிரும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொட்டு, “எங்கே தொட்டேன்?” என்று கேட்டால், நல்ல தோலில் சரியாகக் காட்டுகிறவர் தேமலில் காட்ட மாட்டார். ஊசியால் குத்தியோ சூடு வைத்தோ சோதிக்க வேண்டாம். முகத்திலுள்ள தேமலில் உணர்ச்சி முழுவதும் போகாமலும் இருக்கலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் மருத்துவரே பார்க்கட்டும். புருவ முடி உதிர்தல், காது மடல் தடித்தல், சுண்டுவிரல் மடங்குதல், செருப்பு நழுவி விழுந்தும் தெரியாமை, வலியில்லாத உள்ளங்கால் புண் ஆகியவையும் இதன் அடையாளங்களாக இருக்கலாம்.

பால் போல் வெளுக்கும் வெண்புள்ளி வேறு, இது வேறு. வெண்புள்ளியில் உணர்ச்சி உண்டு; அது ஒட்டுவதும் இல்லை. அதைக் “குஷ்டம்” என்று சொல்லி ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுப்பது அறியாமை மட்டுமல்ல, அநியாயமும் ஆகும்.

இப்போது உப்பளத்துக்கு வாருங்கள். உணர்ச்சி போன ஒரு பாதம் உப்புநீரில் நின்றால் என்ன ஆகும்? மற்றவருக்கு எரியும், அவர் காலை எடுத்துக்கொள்வார். இவருக்கு எரியாது, இவர் நிற்பார். கல் கிழித்தது தெரியாமல் பாரம் சுமப்பார். “எனக்கு மட்டும் கால் எரிவதில்லை” என்று ஒருவர் பெருமையாய்ச் சொன்னால் தோழர்கள் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

விரல்கள் அழுகி உதிர்வது இந்த நோயின் விதி என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. வேலூரில் 1940-களின் பிற்பகுதியில் பணியாற்றத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் அதைத் தவறென்று காட்டினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் காயமும் சீழும் சேர்ந்து விரலைத் தின்கின்றன. அப்படியானால் காயத்தைத் தடுத்தால் விரலைக் காப்பாற்றலாம்! உணர்ச்சியற்ற பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு இந்த ஞானத்தின் விளைவுதான்.

விதியா, வினையா?

முன் ஜன்மப் பாவம் என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. நார்வே நாட்டு ஹான்சன் இந்த நோய்க்கிருமியைக் கண்டது 1873-ல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்கிறவர்களுக்கு அவருடைய மூச்சுத் திவலைகளால் இது பரவுகிறது. ஆனால் பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி இருப்பதால் ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் வெளிப்படச் சராசரி 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகலாம். தொட்டாலோ கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ வருவதல்ல இது.

செங்கற்பட்டு திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவமனை 1955-ல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. டாப்சோன் என்ற ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் தின்ற காலம் போய், 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிறது. மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. சிறுநீர் சிவந்தாலும் தோல் கறுத்தாலும் பயந்து நிறுத்த வேண்டாம். அது மருந்தின் குணம். ஆனால் மருந்து சாப்பிடும்போது தேமல் திடீரென்று வீங்கிச் சிவந்தாலோ, நரம்பு வலித்தாலோ, விரல் பலம் குறைந்தாலோ, கண் சிவந்தாலோ உடனே போக வேண்டும். அங்கே நாட்களைக் கடத்தினால் கை போகும்.

சட்டமும் காலங்கடந்தே திருந்தியது. வறிய தொழுநோயாளியைப் பிடித்து அடைக்க வெள்ளைக்காரன் 1898-ல் செய்த சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் பிரிவு 2019-ல்தான் ஒழிந்தது. சுதந்திரம் வந்து எத்தனை ஆண்டுகள்!

ஒழிந்துவிட்டதா?

2005 முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாய் நோயாளிகள் இருக்கிறார்கள் என்ற கணக்கின்படி, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் தொழுநோய் நாட்டிலிருந்து அகற்றப்பட்டதாக அரசு அறிவித்தது. ஜனங்கள் காதில் விழுந்ததோ “ஒழிந்துவிட்டது” என்ற ஒரே சொல். உண்மை என்ன? 2023-ல் உலகில் புதிதாய்க் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1,80,000 பேர். அவர்களில் பாதிக்கும் மேல், 1 லட்சத்தைத் தாண்டியவர்கள், நம் நாட்டவர். நாட்டுச் சராசரி குறைந்தால் மூலை முடுக்கிலுள்ள ஏழையின் தோலில் தேமல் மறைந்துவிடாது. தேடாமல் விட்டால் கணக்கு குறையும், நோய் குறையாது.

“சரி, ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போகிறதே, யார் தருவார்?” என்று தொழிலாளி கேட்கிறார். நியாயமான கேள்வி. “நோய் என்று தெரிந்தால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா?” என்று பெண் தொழிலாளி கேட்கிறார். அதுவும் நியாயமான பயம். தனி மனிதருக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான்: இன்று இழப்பது ஒருநாள் கூலி, மறைத்து வைத்தால் இழப்பது கூலி சம்பாதிக்கும் கை. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் பாரம் முழுவதையும் தொழிலாளியின் தலையிலேயே ஏற்றியவர்களாவோம். கூலியை வெட்டுவதும் பயத்தை விளைவிப்பதும் அவர் அல்லவே!

ஆகவே கேட்க வேண்டியவற்றைச் சேர்ந்து கேட்க வேண்டும். உப்பள உரிமையாளர்களும் குத்தகைதாரர்களும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உப்புநீர் புகாத காலணியும் கையுறையும் தர வேண்டும். கிழிந்தால் மாற்றித் தர வேண்டும். வேலை முடிந்து கால் கழுவ நல்ல தண்ணீர் அளத்திலேயே இருக்க வேண்டும். மருத்துவரைப் பார்த்த நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. நோயைச் சொல்லி எவரையும் நீக்கக் கூடாது.

சர்க்காரின் கடமை என்ன? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள், நல்லதுதான். அவ்விதமே பருவம் தொடங்கும்போதும் முடியும்போதும் உப்பளத்துக்கே வந்து, பெண்களைப் பெண் ஊழியரே மறைவிடத்தில் பார்க்கும் ஏற்பாட்டோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் பரிசோதனை நடத்த வேண்டும். நோய் கண்ட வீட்டாருக்குக் கொடுக்கும் ஒருவேளைத் தடுப்பு மாத்திரை விடுபடாமல் சேர வேண்டும்.

இதெல்லாம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். இன்று இரவே விளக்கு வெளிச்சத்தில் வீட்டில் ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள், குழந்தைகளை மறக்காதீர்கள். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். தேமல் தெரிந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மரக்காணம் அரசு ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் புதுவை ஜிப்மரும் எட்டாத தூரத்தில் இல்லை. தனியே போகக் கூச்சப்படுகிறவருக்குச் சங்கத் தோழர் ஒருவர் துணை போக வேண்டும். அவர் பெயரை ஊர்வாயில் போடாமல் காக்கவும் வேண்டும்.

வலிக்கிற புண் தானே கூச்சலிட்டு வைத்தியனைத் தேடிக்கொள்ளும். வலிக்காத தேமலுக்குக் குரல் கிடையாது. அதற்கு நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.