இயந்திரத்தை வாங்குமுன் கிணற்றைப் பார்ப்போம்

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, ஒன்றுக்கொன்று முரணான ஆய்வறிக்கைகளுக்கு நடுவில்தான் மக்கள் போராடினார்கள். மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்பத்தகுந்த பரிசோதனை இல்லாவிட்டால் நியாயமும் தாமதமாகும் என்பது அதில் கிடைத்த பாடம். எனவே வடக்கில் தரமான ஆய்வுகூடம் கேட்பது நியாயமானது. ஆனால் எந்த இயந்திரத்தைக் கேட்பது?

நவீன ஆய்வுகூடம் என்றதும் பலர் சொல்வது லிக்விட் குரோமட்டோகிராபி இயந்திரம். பம்பி ஒன்று கரைப்பானுடன் மாதிரியை ஒரு மெல்லிய குழாய்க்குள் செலுத்தும். கலந்திருக்கும் பொருட்கள் அங்கே பிரிந்து, வெவ்வேறு நேரங்களில் வெளியே வரும். முனையில் உள்ள உணரி அவற்றை அளக்கும்.

இயந்திரத்தின் பெயரைவிட இந்த உணரிதான் முக்கியம். மருந்துகளின் தரத்தைப் பார்க்கப் பெரும்பாலும் புறஊதா உணரி போதும். தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சினைக் காண ஒளிர்வு உணரி வேண்டும். கிளைபோசேட் களைநாசினியோ சாதாரண புறஊதா உணரியின் கண்ணில் நேரடியாகப் படாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் சேரும் நைத்திரேற்றை அளக்க, இதே குடும்பத்தைச் சேர்ந்த அயன் குரோமட்டோகிராபி பொருத்தமானது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எண்ணெயில் எளிதில் ஆவியாகும் பொருட்களைத் தேட வாயு குரோமட்டோகிராபிதான் உதவும்.

எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் திணிவு நிறமாலைமானியையே வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் அதற்கு இடைவிடாத மின்சாரம், நைதரசன், பயிற்சி பெற்றவர்கள் எல்லாம் தேவை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் போனதையும் நாம் மறக்கவில்லை. கரைப்பானும் உதிரிப்பாகங்களும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே கேள்விப்பத்திரம் கோருமுன் சில விடயங்கள் தீர்மானிக்கப்பட வேண்டும். எதை அளக்கப் போகிறோம்? பழுதானால் எத்தனை நாட்களில் யார் வந்து திருத்துவார்? ஐந்து வருடங்களுக்கான செலவு எங்கிருந்து வரும்? ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெறும் திட்டம் உண்டா?

திறப்பு விழாவில் நாடா வெட்டுவது சுலபம். மூன்றாம் வருடமும் ஒரு தாய் போத்தலில் கொண்டுவரும் கிணற்று நீருக்கு, அவருக்கு விளங்கும் தமிழில் முடிவு கிடைக்கிறதா என்பதுதான் அந்த ஆய்வுகூடத்துக்கான பரீட்சை.