சிற்றெஞ்சின்: விளையாட்டா, வித்தையா?

படித்த மனிதர் ஒருவர், வேலை முடிந்து வீடு திரும்பியதும் பட்டறைக்குள் புகுந்து, ஆண்டுக் கணக்காக ஒரு சின்னஞ்சிறு புகையிரத எஞ்சினைச் செய்துகொண்டிருந்தால் அவரை நம்மவர் என்னவென்று சொல்வர்? ‘பொழுது போகாதவர்’ என்பர். கடுநாவினர் ‘வளர்ந்த குழந்தை’ என்றும் கூறக்கூடும். இங்கிலாந்தில் இத்தகையோர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவருகின்றனர். அவர்கள் செய்வது விளையாட்டன்று, உயர்ந்த கல்விகளுள் ஒன்று என்பதே என் துணிபு.

அவர்களுடைய எஞ்சின் கடையில் வாங்கும் மின்சாரப் பொம்மை அன்று. செப்புத் தகட்டை வளைத்து, வெள்ளிப் பற்றாசினால் இணைத்த உண்மைக் கொதிகலன் அதில் உண்டு. நிலக்கரி எரியும், நீர் கொதிக்கும், ஆவியின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் வரை ஏறும். பின்னால் ஒரு சிறு வண்டியில் அமர்ந்திருக்கும் தன் படைப்பாளனையே அது இழுத்துக்கொண்டு ஓடும்.

இஃது இயலுமா என்பதே ஒரு காலத்தில் பெரும் விவாதமாயிருந்தது. தண்டவாள இடைவெளி 2½ அங்குலமேயான எஞ்சினுக்கு மதுசார விளக்கே ஏற்றது. நிலக்கரிக் கொதிகலன் அங்கே பயன்படாது எனத் துறை வல்லுநர் சிலர் கருதினர். ‘எல்.பி.எஸ்.சி.’ என்னும் புனைபெயரில் எழுதிய லோரன்ஸ் (1883–1967) அதை மறுத்தார். 1924ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அவருடைய ‘அயேஷா’, நிலக்கரியை எரித்து மனிதரை இழுத்துக் காட்டிற்று. ஏட்டில் தீராத வாதத்தை எஞ்சின் தீர்த்து வைத்தது.

இக்கலையின் நுட்பம் யாதெனில், உருவைச் சுருக்கலாம். இயற்கையைச் சுருக்க இயலாது. நீளத்தைப் பதினாறில் ஒன்றாக்கினால் பரப்பு 256இல் ஒன்றாகும்; கனவளவோ 4096இல் ஒன்றாகும். ஆகவே, கொள்ளும் நீரோடு ஒப்பிட, வெப்பம் வெளியேறும் பரப்பு 16 மடங்கு மிகுகிறது. கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயையும் அவ்வாறே சுருக்கினால், பரப்பிழுவிசையால் நீர் அதில் ஒட்டி நின்று பொய்மட்டம் காட்டும். அதை நம்பினால் கொதிகலனுக்கே கேடு. எனவே அக்குழாய் மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பருத்திருத்தல் வேண்டும்.

இங்கேதான் இருவேறு கட்சிகள் தோன்றுகின்றன. ஒரு சாரார் மூலத்தின் தறையாணிகளை எல்லாம் எண்ணி அமைப்பர். ஆனால் வர்ணம் கெடுமென்று தீ மூட்டார். மற்றொரு சாரார்க்கு எஞ்சின் ஓடினாற் போதும். உருவம் எப்படியாயினும் ஆகுக. தீக் காணாத எஞ்சின் எவ்வளவு அழகியதாயினும் சிலையே என்பேன். தறையாணி மூலத்திற்கு உண்மையாயிருக்கட்டும். உயிருக்கு இடையூறு நேருமிடத்தில் மட்டும் அளவு விட்டுக்கொடுக்கட்டும். மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட அன்பர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் எண்ண வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. 1898இல் தொடங்கிய ‘மொடல் எஞ்சினியர்’ இதழில் லோரன்ஸ் பல பத்தாண்டுகள் எழுதினார். பட்டறைப் பழக்கம் இல்லாதவரும் பின்பற்றக்கூடியவாறு, பக்கத்தில் நின்று பேசுவது போன்ற நடையில், ஒவ்வோர் உறுப்பையும் செய்யும் முறையைப் படிப்படியாக உரைத்தார். அவ்வெழுத்தைப் படித்தவர் பலர் எஞ்சின் செய்தே முடித்தனர். நம் மாணவரோ கொதிகலனின் படத்தை வரைந்து, உறுப்புகளுக்குப் பெயரிட்டு, புள்ளி பெறுகின்றனர். அரத்தைக் கையால் தொட்டவர் அவருள் எத்தனை பேர்? கைவினையைத் தாழ்ந்ததென ஒதுக்கியதால் நம் அறிவியற் கல்வி மனப்பாடமாயிற்று. செய்முறை கூறும் தெளிந்த தமிழ் உரைநடையும் வளராது நின்றது. இரண்டும் ஒரு நோயின் இரு குறிகளே.

பள்ளிதோறும் எஞ்சின் செய்க என நான் கூறவில்லை. ஒரு மேசையும், ஒரு பிடிகருவியும், நாலைந்து அரங்களும் போதும். ‘விளையாட்டு’ என்று நகைப்போர், முதலில் ஒரு செப்புத் துண்டை நான்கு மூலையும் நேராக அராவிப் பார்க்கட்டும். அதன்பின் பேசுவோம்.