திறக்க ஓட்டு கேட்கிறாய் தம்பி, மூட ஓட்டு எங்கே?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கஞ்சாவை அனுமதித்த கதை. கீழே ஒரு கேள்வி: "சார், இங்கேயும் இப்படி ஓட்டுக்கு விட்டால் என்ன? நீங்க எந்தப் பக்கம்?"

அவன் சும்மா கேட்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை என்னிடம் கணக்குப் படித்தவன். அப்பா குடித்தே செத்தார். அம்மா புளி தட்டப் போய் இவனை வளர்த்தார். ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தவன், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டான். வழக்கு வந்தது, வேலை போனது. அவன் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுததை நானும் என் மனைவியும் மறக்கவில்லை.

"உங்கப்பனைப் பார்த்துமாடா புத்தி வரல?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "அப்பா மாதிரி குடிக்கவே கூடாதுன்னுதான் சார் இதுக்குப் போனேன். இதுல நாத்தம் வராது. அம்மாவுக்குத் தெரியாது."

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அவன் சொல்வதில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் என்ற இரண்டு மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் கஞ்சாவைச் சட்டப்படி விற்க வழி செய்தார்கள். 2016இல் கலிபோர்னியாவும் அதே வழியில் போனது. நம் நாட்டிலேயே வெள்ளைக்காரன் காலத்தில், 1893-94இல், இதற்கென்று ஓர் ஆணையம் போட்டு நாடு முழுக்க விசாரித்தார்கள். அளவாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடு இல்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் வைத்துக் கட்டுப்படுத்துங்கள் என்றுதான் அந்த ஆணையம் சொன்னது. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில்கூடப் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. வெறும் இலை அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் வடநாட்டில் சில இடங்களில் பாங்கு அரசு உரிமத்தோடு விற்கிறது.

"சாராயம் விற்கிற அரசாங்கம் கஞ்சாவுக்கு மட்டும் ஏன் கை விலங்கு போடுது?" என்று பையன்கள் கேட்டால், நம்மில் யாருக்கும் நேரான பதில் இல்லை.

ஆனால் ஓட்டு என்றால் ஒரு பக்கம் மட்டும் விழுவதில்லை. 2020இல் நியூசிலாந்தில் இதே கேள்வியை மக்களிடம் வைத்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.7 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 48.4 சதவீதம். 2024 நவம்பரில் புளோரிடாவில் 56 சதவீதம் பேர் அனுமதிக்கலாம் என்றார்கள். அங்கே 60 சதவீதம் தேவை என்பதால் அது நிறைவேறவில்லை.

தம்பி அனுப்பிய செய்தியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். கொலராடோவில் மாநிலம் முழுக்க அனுமதி கிடைத்த பிறகும், எங்கள் ஊரில் கடை வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு இருந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் பெரிய நகரம். அந்த ஊர் பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கடைகளை உள்ளே விடவில்லை. 2024இல் அந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்ட பிறகுதான் வழி திறந்தது. அதாவது மாநிலத்தின் ஓட்டு வேறு, ஊரின் ஓட்டு வேறு. இரண்டுக்கும் மதிப்பு உண்டு.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம்.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சென்னை மாகாணத்திலேயே முதல் மாவட்டம். அப்போது நம் தருமபுரி சேலத்தோடுதான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965இல்தான். ஆக, மதுவிலக்கை முதலில் பார்த்த மண் நம்முடையது. கள்ளுக்கடை மூடியபோது வீட்டில் அரிசி சேர்ந்ததை என் பாட்டி கதை கதையாகச் சொல்வார். மரம் ஏறிப் பிழைத்தவர்கள் பட்ட கஷ்டத்தையும் சொல்வார்.

1971இல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள். பிறகு மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003இல் சில்லறைக் கடையையும் அரசே நடத்த ஆரம்பித்தது. 2016, 2017, 2023 என்று ஒவ்வொரு முறையும் 500 கடைகளை மூடியதாக அறிவிப்பு வந்தது.

இத்தனை தடவை மூடித் திறந்தார்களே, ஒரு தடவையாவது "அம்மா, உங்கள் ஊரில் இந்தக் கடை வேண்டுமா?" என்று ஓட்டுச் சீட்டைக் கொடுத்துக் கேட்டார்களா? மூடும்போதும் கேட்கவில்லை. திறக்கும்போதும் கேட்கவில்லை.

கிராம சபை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலைக் கடைகள் ஊருக்குள் வந்தபோது, தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். நீதிமன்றம் வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. கடை வைக்கும் விதிகளைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். டேப் வைத்து அளக்கிறார்கள். அந்த ஊர்த் தாய்மார்களின் விருப்பத்தை அளக்க அதில் இடம் இல்லை.

மகாராஷ்டிராவில் இடம் இருக்கிறது. அங்கே ஊரிலோ வார்டிலோ உள்ள பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் எழுதிக் கேட்டால், ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படம். நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். பாதிக்கு மேற்பட்ட பெண் வாக்காளர்கள் படுத்த பாட்டிலில் குத்தினால் கடையை மூட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரிகிற ஓட்டு. ரகசிய ஓட்டு என்பதால் புருஷனுக்கும் கடைக்காரனுக்கும் பயப்பட வேண்டியதில்லை. கிராம சபையில் கை தூக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெண்களுக்குத் தெரியும்.

ஆகவே தம்பி, என் பதில் இதுதான்.

கஞ்சாவை அனுமதிக்கும் ஓட்டுச் சீட்டு இன்று என் கைக்கு வந்தால், நான் வேண்டாம் என்றுதான் போடுவேன். நம் ஊரில் சட்டப்படி விற்பனை என்றால் யார் விற்பார்கள் என்று யோசி. இதே கம்பி போட்ட கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி போட்ட கடை வரும். அதற்கும் தீபாவளிக்கு விற்பனைக் கணக்குப் பார்ப்பார்கள். வருமானத்துக்குப் பழகிய அரசாங்கம் அதை விடுவது, உன் அப்பா குடியை விட்டதைப் போலத்தான் இருக்கும். மூடும் அதிகாரம் கைக்கு வராத ஊரிடம், திறக்கச் சம்மதம் மட்டும் கேட்பது சரியல்ல. முதலில் படுத்த பாட்டில் ஓட்டு இங்கே வரட்டும். அதற்குக் கையெழுத்து வாங்க நீ வருவாயானால் நானும் உன்னோடு வீடு வீடாக வருகிறேன்.

அதே நேரம், உன்னைப் போன்ற பிள்ளைகளை வழக்கிலேயே முடக்கிப் போடுவதையும் நான் ஏற்கவில்லை. ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு ஆளானவர் சிறிய அளவு வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி இருக்கிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? வாத்தியார் எனக்கே அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அம்மாவைத் திண்ணையிலிருந்து எழுப்பி வக்கீலிடமும் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போயிருப்பேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் நாத்தம் வரவில்லை என்பதால் நிம்மதியாக இருக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அடிக்காதீர்கள், பேசுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வெட்கப்படாதீர்கள்.

அந்தப் பையன் இப்போது சிகிச்சைக்குப் போய் வருகிறான். இந்தப் பதிவை அவனிடம் காட்டி, அனுமதி வாங்கிய பிறகே போடுகிறேன். "பேர் மட்டும் வேணாம் சார்" என்றான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் எல்லாருக்கும் பதில் சொல்வேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், தருமபுரி மாவட்டம்